நகத்தில் கறுப்புக் கோடு, நகத்தடியில் கட்டி: எல்லாமே கேன்சரா? விரலை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

"நகத்துல கறுப்புக் கோடு இருக்கா? உடனே பாருங்க, அது கேன்சரா இருக்கலாம்!" இப்படி ஆரம்பிக்கும் ரீல்ஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பார்த்த கையோடு பத்து விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் நிறத்துக்கு ஏதாவது ஒரு விரலில் ஒரு கோடு தென்பட்டால் அதில் ஆச்சரியமே இல்லை. அதோடு அன்றைய தூக்கம் போச்சு.

தூத்துக்குடி மாதிரியான ஊரில் இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர், விசைப்படகில் வலை இழுப்பவர், உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்பவர், சங்கு குளிக்கக் கடலில் இறங்குபவர்... இவர்களில் யாரிடம் போய் "நகம் ஏன் கறுத்திருக்கு?" என்று கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "எங்கயோ அடிபட்டிருக்கும், விடுங்க."

முதல் வகை ஆட்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். இரண்டாவது வகை ஆட்கள் பயப்பட வேண்டிய நேரத்திலும் பயப்படுவதில்லை. இந்த இரண்டு தரப்புக்கும் பொதுவான தப்பு ஒன்று இருக்கிறது. நகத்தை வெளியில் இருந்து பார்த்தே முடிவுக்கு வந்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் அது.

நகத்தில் வரும் கோடுகளிலும் கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் அவற்றில் சில, புற்றுநோய் மாதிரியே வேஷம் போடும். அபூர்வமாக வரும் நகப் புற்றுநோயோ, சாதாரண நகச்சுற்று மாதிரியும் ரத்தக்கட்டு மாதிரியும் வந்து உட்காரும். ஆபத்தில்லாத கட்டிக்கு விரல் போவதும், ஆபத்தான கட்டி வருஷக்கணக்கில் களிம்பு தடவியே வளர்வதும் இந்தக் குழப்பத்தில் இருந்துதான் வருகிறது.

நகம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது?

நாம் வெட்டி எறியும் நகம் உயிரில்லாதது. உயிருள்ள பகுதி, நகம் தோலுக்குள் நுழையும் இடத்தில், உள்ளே மறைந்திருக்கிறது. அதை நகத்தின் வேர் என்று சொல்லலாம். கட்டைவிரல் நகத்தின் அடியில் பிறை மாதிரி வெள்ளையாகத் தெரிகிறதே, அது அந்த வேரின் வெளியே தெரியும் நுனி. வேர்தான் நகத்தைத் தயாரித்து முன்னே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். கால் நகம் அதைவிட மெதுவு, மாதத்துக்கு 1 மி.மீ. அளவுதான். அதாவது உங்கள் கைவிரல் நுனியில் இன்று தெரியும் நகம், வேரில் சுமார் ஆறு மாதத்துக்கு முன்பு உருவானது. கால் கட்டைவிரல் என்றால் ஒரு வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய கதை.

இதில் இருந்து ஒரு விஷயம் புரியும். கோடு நகம் முழுக்கத் தெரிந்தாலும், பிரச்னை இருக்கும் இடம் பெரும்பாலும் வேர். நகத்துக்கும் எலும்புக்கும் இடையில் கொஞ்சம் சதைதான் இருக்கிறது. அந்தக் குறுகிய இடத்தில் எது வளர்ந்தாலும் நகத்தைத் தூக்கும், பிளக்கும், நிறம் மாற்றும். எது வளர்கிறது என்பதை மட்டும் நகம் காட்டிக்கொடுக்காது.

கறுப்புக் கோடு வந்தால் கேன்சர்தானா?

இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின், நகத்தின் வேரிலும் சுரக்கலாம். அப்படிச் சுரக்கும்போது வேரில் இருந்து நுனி வரை பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு விழும். கறுப்பினத்தவர்களில் 50 வயதைத் தாண்டிய கிட்டத்தட்ட எல்லோருக்குமே இப்படி ஒரு கோடாவது இருக்கும் என்கின்றன மருத்துவ நூல்கள். ஜப்பானியர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு உண்டு. வெள்ளையர்களுக்குத்தான் இது அரிது. ரீல்ஸில் வரும் பீதி பெரும்பாலும் அவர்கள் தோலை மனதில் வைத்துச் சொன்னது. அதை அப்படியே நம் விரலுக்குப் பொருத்தினால் ஊரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஒரே நேரத்தில் பல விரல்களில் மெல்லிய, ஒரே சீரான கோடுகள் இருந்தால் அது பெரும்பாலும் இயற்கையான நிறம்தான். வைட்டமின் பி12 குறைபாடு, கர்ப்ப காலம், கீமோதெரபி உள்ளிட்ட சில மருந்துகள், செருப்போ ஷூவோ தொடர்ந்து உரசுவது, பூஞ்சைத் தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு. மருதாணியும் ஹேர் டையும்கூட ஆளை ஏமாற்றும். ஆனால் அவை மேலே படிந்த கறை. நகம் வளர வளர அடியில் சுத்தமான புது நகம் வந்து, கறை முன்னே நகர்ந்துவிடும்.

நகம் நசுங்கி ரத்தம் கட்டினாலும் இதே கதைதான். மாதத்துக்கு 3 மி.மீ. கணக்கில் அந்தக் கறுப்பு நுனியை நோக்கி நகர வேண்டும். அடியில் தெளிவான நகம் தெரிய ஆரம்பிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகியும் கறுப்பு வேரோடு ஒட்டிக்கொண்டே நின்றால், "அடிபட்டது" என்ற சமாதானம் அதற்கு மேல் செல்லாது. இன்னொன்று: கட்டி இருக்கும் நகத்தடியிலும் ரத்தம் கசியலாம். அதனால் ரத்தக்கட்டு என்று உறுதியானாலும், அது முழுசாக வெளியேறும் வரை கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்களை ஆங்கில எழுத்து ஏ முதல் எஃப் வரை வரிசைப்படுத்தி, 2000-ஆம் ஆண்டில் தோல் மருத்துவர்கள் ஒரு நினைவுக் குறிப்பு தந்தார்கள். 50 முதல் 70 வயதுக்குள் புதிதாக வந்த கோடு, 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலம், ஓரம் தெளிவில்லாமல் கலங்கலாக இருப்பது, வேகமாக அகலமாவது, ஒரே ஒரு விரலில் மட்டும் வருவது (குறிப்பாகக் கை கட்டைவிரல், கால் பெருவிரல்), குடும்பத்தில் மெலனோமா இருந்த வரலாறு ஆகியவை அதில் அடங்கும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் பரவுவது. அந்தப் பட்டியலில் ஆசியர்களாக இருப்பதும் ஓர் அடையாளம் என்று சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நாம் எல்லோரும் பிறந்த அன்றைக்கே ஒரு மார்க் வாங்கிவிடுகிறோம்! ஆக, பட்டியல் உதவும். ஆனால் பட்டியலே தீர்ப்பு ஆகாது.

குழந்தைகளுக்கு இந்தப் பட்டியல் இன்னும் பொருந்தாது. குழந்தையின் நகத்தில் அகலமான கறுப்புக் கோடு வந்தால் அது பெரும்பாலும் மச்சம்தான். அவர்களுக்கு நக மெலனோமா வருவது மிக மிக அபூர்வம். மருத்துவர்கள் பொதுவாகப் படம் எடுத்து வைத்துக் கவனிக்கவே சொல்வார்கள்.

கேன்சர் வேஷம் போடும் கட்டிகள்

கோட்டை விடுவோம். நகத்துக்குள் வளரும் கட்டிகளுக்கு வருவோம். பெயரைக் கேட்டாலே பயம் வரும் பேர்வழிகள் இவை. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாதவை.

முதலில் ஆனிக்கோமேட்ரிகோமா. இது வேரிலேயே வளரும் கட்டி. பிரான்ஸ் நாட்டு நக நிபுணர் ராபர்ட் பரான், கின்ட் என்பவரோடு சேர்ந்து 1992-இல் இதை முதன்முதலாக விவரித்தார். அதற்கு முன் மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ஒரு பெயரே கிடையாது. நகம் ஒரு பகுதியில் மட்டும் தடித்து, மஞ்சளாகி, குழாய் மாதிரி வளையும். உள்ளே மெல்லிய ரத்தக் கீறல்கள் தெரியும். வலி பெரும்பாலும் இருக்காது. பார்ப்பவர்கள் பூஞ்சை என்பார்கள், மாதக்கணக்கில் மாத்திரையும் கொடுப்பார்கள். சில நேரம் கட்டியில் நிறம் சேர்ந்து கறுப்புப் பட்டையாகத் தெரியும். அப்போது மெலனோமா என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. நகத்தின் நுனியை வெட்டி, வெட்டிய ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். காரணம், கட்டி தன் விரல்களை நகத்துக்குள் நீட்டி வைத்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் நகத்தை உருவும்போது அந்த விரல்கள் வெளியே வரும். மன்னார் வளைகுடாவில் முங்கிப் பழகியவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: பாறையில் ஒட்டிக்கொண்டு இழைகளை ஆட்டும் கடல் சாமந்தி மாதிரியே இருக்கும். வேரில் இருந்து முழுசாக எடுத்துவிட்டால் பிரச்னை முடிந்தது.

அடுத்தது ஆனிக்கோபாப்பிலோமா. பிறையில் இருந்து நுனி வரை ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, கோடு முடியும் இடத்தில் நகத்தில் ஒரு சின்னப் பிளவு, அதற்கு அடியில் காய்ப்பு மாதிரி ஒரு மேடு. கோடு சில நேரம் வெள்ளையாகவும் பழுப்பாகவும் இருக்கும். துணி மாட்டுகிறது என்பதைத் தவிர வேறு தொந்தரவு இருக்காது. ஒரே விரலில் இருந்தால் கவலை இல்லை.

இந்தக் கட்டி 2024-இல் திடீரென்று உலகச் செய்தியானது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 'பாப்-1' என்ற மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் உள்ள 35 குடும்பங்களைச் சேர்ந்த 47 பேரை ஆராய்ந்து, முடிவை ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வெளியிட்டார்கள். 30 வயதைத் தாண்டியவர்களில் 88 சதவீதம் பேருக்கு நகத்தில் இந்தக் கட்டி இருந்தது, அதுவும் பல விரல்களில். அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குத் தோல், கண், சிறுநீரகம், நுரையீரல் உறை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆக, நகத்தில் இருப்பது கேன்சர் இல்லை. ஆனால் பல விரல்களில் இப்படிக் கோடு இருந்து, குடும்பத்திலும் மேலே சொன்ன புற்றுநோய்கள் இருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தச் செய்தி பரவும்போது "நகத்தில் கோடா, உடம்பில் கேன்சர்" என்று தலைப்பு மட்டும் சுருங்கி வந்ததுதான் சங்கடம். ஒரே விரலில் கோடு இருப்பவருக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

மூன்றாவது, குளோமஸ் கட்டி. இது சில மி.மீ. அளவுதான் இருக்கும், ஆனால் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். உடல் வெப்பத்தைச் சீராக்கும் நுண்ணிய ரத்தக்குழாய் அமைப்பில் இருந்து வருவதால், குளிர் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸுக்குள் கைவிட்டு மீன் பிரிக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். "இந்த ஒரு விரலை மட்டும் ஐஸ்ல வைக்க முடியலைக்கா" என்று அவர் சொன்னால், சுற்றி இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "ஐஸ்னா வலிக்கத்தான் செய்யும்." 30 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு அதிகம் வரும் இந்தக் கட்டியை நரம்புத் தளர்ச்சி, கழுத்து எலும்புத் தேய்வு, மனப்பிரமை என்று பல வருஷம் தவறாகவே பார்த்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. நகத்தடியில் நீலமாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் மெலனோமா பயமும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு முதல் சோதனைக்குப் பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். குண்டூசியின் தலையால் நகத்தை அங்கங்கே அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தாங்க முடியாத வலி வரும். கையை உயர்த்தி, பி.பி. பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்து ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் அந்த வலி காணாமல் போகும். பட்டையைத் தளர்த்தினால் திரும்ப வரும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. சின்ன ஆபரேஷனில் கட்டியை எடுத்த பிறகு, வருஷக்கணக்கில் இருந்த வலி விட்டுப்போகும்.

நான்காவது, நகத்தடியில் எலும்பே புடைத்து வளர்வது. இளவயதினருக்குக் கால் பெருவிரலில் அதிகம். கல் மாதிரி கெட்டியாக இருக்கும், நகத்தைத் தூக்கும், மேலே புண்ணாகும். மரு என்று நினைத்துச் சுடுவார்கள், திரும்ப வரும். ஒரே ஒரு எக்ஸ்ரே போதும், விஷயம் தெரிந்துவிடும். எக்ஸ்ரே எடுக்காமல் நேராகச் சதையை மட்டும் லேபுக்கு அனுப்பினால் ஆபத்து அங்கேயும் இருக்கிறது. வேகமாக வளரும் குருத்தெலும்பு செல்கள் மைக்ரோஸ்கோப்பில் எலும்புப் புற்றுநோய் மாதிரி தெரியக்கூடும். மைக்ரோஸ்கோப்பும் ஏமாறும் இடம் இது. சாதாரண எக்ஸ்ரே ஒரு விரலைக் காப்பாற்றும்.

கெரட்டோஅகாந்தோமா என்று இன்னொன்று. நாலைந்து வாரத்தில் கிடுகிடுவென வளரும், வலிக்கும், எக்ஸ்ரேயில் எலும்பை அரித்திருப்பதும் தெரியும். எல்லா விதத்திலும் தோல் புற்றுநோயின் இரட்டைப் பிறவி. அனுபவமுள்ள பேத்தாலஜி நிபுணர்களே இங்கே திணறுவார்கள். இதற்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுத் தொடர்ந்து கவனித்தால் போதும் என்ற நிலையில், தோல் புற்றுநோய் என்று அவசரப்பட்டு முத்திரை குத்தினால் விரல் நுனி போய்விடும்.

எலுமிச்சம்பழத்துக்குள் ஒளியும் மெலனோமா

இப்போது கதையைத் திருப்பிப் பார்க்கலாம். நகச்சுற்று வந்தால் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு உட்கார்வது நம் ஊர் வழக்கம். நகப் புற்றுநோய்க்கு மருத்துவ உலகம் வைத்த பழைய பெயர்களில் ஒன்றே 'கறுப்பு நகச்சுற்று' என்ற அர்த்தம் தருவதுதான். லண்டன் அறுவை சிகிச்சை நிபுணர் ஜொனாதன் ஹட்சின்சன் 1886-இல் அப்படிக் குறிப்பிட்டார். நகத்தைச் சுற்றிய தோலில் கறுப்பு பரவுவதை இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். இது பல நேரம் கறுப்பாகவே இருக்காது என்றும் அவர் அப்போதே எச்சரித்தார். நக மெலனோமாக்களில் கணிசமான பங்கு நிறமே இல்லாதவை. சிவப்பாக, சதை பிதுங்கி, தொட்டால் ரத்தம் வரும். ஆறாத நகச்சுற்று என்றும், நகம் உள்ளே குத்திய புண் என்றும் அதை நினைத்துவிடுவது ரொம்பவே சுலபம்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஜமைக்கா பாடகர் பாப் மார்லி. வலது கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண் கால்பந்து விளையாடியதில் பட்ட காயம் என்றே முதலில் கருதப்பட்டது. அது மெலனோமா என்று 1977-இல் தெரிந்தது. விரலை எடுக்கச் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தையும் நகப்படுக்கையையும் மட்டும் நீக்கி, தோல் வைத்துத் தைத்தார்கள். நோய் பரவி, 1981 மே 11-ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 36. பந்து பட்ட காயம்தான் கேன்சரானது என்று இன்றும் பலர் சொல்வார்கள். அப்படி நிரூபணம் எதுவும் இல்லை. காயம் செய்தது வேறு வேலை. எல்லோருக்கும் ஒரு வசதியான காரணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

தினமும் விரல் நசுங்கும் தொழில் செய்பவர்களுக்கு அந்த வசதியான காரணம் எப்போதும் கையிலேயே இருக்கிறது. கண்டெய்னர், கயிறு, ஐஸ் பெட்டி, நங்கூரம், உப்பு வாரும் பலகை என்று ஏதாவது ஒன்றின் மேல் பழி போடலாம். வலி இல்லையே என்ற தைரியமும் உதவாது. குளோமஸ் கட்டி துடிக்க வைக்கும், ஆபத்தில்லை. மெலனோமா பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது.

சிப்பியைத் திறக்காமல் முத்தின் விலை

இந்தக் கடற்கரையில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் காலத்து ஏலம் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். மேலோட்டைப் பார்த்து எவ்வளவு பெரிய வியாபாரியாலும் உள்ளே முத்து இருக்கிறதா என்று சொல்ல முடியாது. வாங்கி, திறந்த பிறகுதான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

நகத்துக்கும் கதை அதுதான். டெர்மோஸ்கோப் என்ற கையடக்கக் கருவியில் சுமார் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடுகள் சீராக இருக்கின்றனவா, கலைந்திருக்கின்றனவா என்று நிறைய தெரியும். எதைத் திறக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க அது பெரிய உதவி. ஆனாலும் சந்தேகம் நீடிக்கும் இடத்தில் கடைசி வார்த்தை திசுப் பரிசோதனைக்குத்தான். நம் ஆஸ்பத்திரிகளில் பயாப்ஸி என்றும் எச்.பி.இ. என்றும் சொல்வது அதைத்தான்.

இதில் பலருக்கும் தெரியாத நுட்பம் ஒன்று உண்டு. பயாப்ஸி எடுத்தால் மட்டும் போதாது, சரியான இடத்தில் எடுக்க வேண்டும். நகத்தில் வேரில் இருந்து கிளம்பும் கறுப்புக் கோட்டுக்கு, வேரில்தான் சதை எடுக்க வேண்டும். நுனியில் தெரிகிறதே என்று நகப்படுக்கையில் கிள்ளி எடுத்தால், நோய் ஓரிடத்தில் இருக்க வேறிடத்து ரிப்போர்ட் "புற்றுநோய் இல்லை" என்று வந்து நிற்கும். அந்தத் தாள் கொடுக்கும் நிம்மதி ரொம்ப ஆபத்தானது. எடுத்த துண்டு மிகச் சிறியதாக இருந்தாலும் இதே சிக்கல்தான். ரிப்போர்ட் ஒன்று சொல்ல, நகம் தொடர்ந்து மோசமானால், திரும்ப எடுத்துப் பார்ப்பதே சரி.

எதிர்ப் பக்கமும் உண்டு. நோயாளியின் வயது என்ன, எந்த விரல், எத்தனை நாளாக இருக்கிறது, எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்ற விவரம் எதுவும் இல்லாமல் ஒரு பாட்டிலில் சதையை மட்டும் லேபுக்கு அனுப்பினால், ஆபத்தில்லாத கட்டி புற்றுநோயாகத் தெரியலாம். நகத் திசுவைப் படிப்பது பேத்தாலஜியிலேயே தனித்திறமை. விண்ணப்பத் தாளில் எழுதும் நாலு வரிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

எனக்குக் கேட்டால், இந்த மொத்த விஷயத்திலும் தவிர்க்கக்கூடிய மிகப் பெரிய தப்பு இவை இரண்டுமே இல்லை. "நகத்தை எடுத்துட்டா சரியாகிடும்" என்று மரத்துப்போகும் ஊசி போட்டு நகத்தைப் பிடுங்கி, அடியில் இருந்த சதையைச் சுரண்டி, அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவதுதான். ஆறு மாதம் கழித்துப் புண் திரும்ப வரும்போது, முதலில் இருந்தது என்ன என்று சொல்ல யாரிடமும் ஒரு துண்டுகூட இருக்காது. அதனால் நகத்தை எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எடுத்ததை எச்.பி.இ.க்கு அனுப்புவீங்களா, டாக்டர்?"

விரலை எடுக்கச் சொன்னால்?

அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம். மெலனோமா என்று திசுப் பரிசோதனையில் உறுதியாகி, அது மேல்தோலைத் தாண்டாத ஆரம்ப நிலையில் இருந்தால், விரலை எடுக்காமல் நகம் உருவாகும் பகுதி முழுவதையும் மட்டும் நீக்கி, வேறு இடத்துத் தோலை வைத்துத் தைக்கும் முறையை இப்போது பல இடங்களில் செய்கிறார்கள். நகம் திரும்ப வளராது, ஆனால் விரல் இருக்கும். ஆழமாக இறங்கியிருந்தால் விரலின் ஒரு பகுதியை எடுப்பது தவிர்க்க முடியாததாகலாம். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். கட்டைவிரல் இல்லாமல் கயிறு பிடிக்க முடியாது, வலை கோர்க்க முடியாது. சீக்கிரம் வருவது இங்கே நேரடியாகப் பிழைப்போடு சம்பந்தப்பட்டது.

ஆனால் எக்ஸ்ரேவும் இல்லை, திசுப் பரிசோதனையும் இல்லை, பார்த்த பார்வையிலேயே "இது கேன்சர், விரலை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கே போவது, என்ன செய்வது?

முதல் வேலை உங்கள் கையில் இருக்கும் போனிலேயே முடிந்துவிடும். சந்தேகமான நகத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நெயில் பாலிஷ், மருதாணி இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே கோணத்தில் எடுங்கள். மூன்று படம் சேர்ந்தால், கோடு அகலமாகிறதா, ரத்தக்கட்டு நகர்கிறதா என்பது தோல் மருத்துவருக்குப் பார்த்த உடனே புரியும். "ரொம்ப நாளா இருக்கு" என்ற வார்த்தையை விட அந்த மூன்று படம் அதிகம் பேசும். ஆனால் தோலில் கறுப்பு பரவியிருந்தாலோ, நகத்தடியில் சதை பிதுங்கி ரத்தம் கசிந்தாலோ, நகம் காரணமில்லாமல் பிளந்தாலோ மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம். அந்த வாரமே போங்கள்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு, எக்ஸ்ரே, அறுவை சிகிச்சைப் பிரிவு, பேத்தாலஜி எல்லாமே ஒரே இடத்தில் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கோ காய்ச்சலுக்கோ போகும்போது பொது மருத்துவரிடம் போகிற போக்கில் விரலை நீட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், தோல் நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள். அங்கே தேவைப்பட்டால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். வேலை செய்யும் இடத்தில் விரல் நசுங்கியது உண்மை என்றால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள். மாதம் 3 மி.மீ. கணக்குப் போட்டுப் பார்க்க மருத்துவருக்கு அது உதவும்.

பயாப்ஸி என்றதும் வலியை நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். விரலின் அடியில் ஊசி போடும்போது கடுக்கும், அதற்குப் பிறகு விரல் முழுக்க மரத்துவிடும். வேரில் சதை எடுத்த இடத்தில் நகம் கொஞ்சம் மெலிந்தோ, சின்னக் கோடாகப் பிளந்தோ வளர வாய்ப்பு உண்டு, அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில நாட்களுக்கு ஈரம் படக் கூடாது என்பதால் கடலுக்கும் உப்பளத்துக்கும் போக முடியாது. கைநகம் முழுசாகத் திரும்ப வர ஆறு மாதம், கால் பெருவிரல் நகம் என்றால் ஒரு வருஷத்தில் இருந்து ஒன்றரை வருஷம் வரை ஆகும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் அதைப் பத்திரமாக வையுங்கள். அதோடு, சதையைப் பதப்படுத்தி வைத்த மெழுகுக் கட்டியும் கண்ணாடி ஸ்லைடும் லேபில் இருக்கும். புற்றுநோய் என்று எழுதி வந்து, அதில் உங்களுக்கோ உங்கள் மருத்துவருக்கோ சந்தேகம் இருந்தால், அவற்றைக் கேட்டு வாங்கி வேறொரு பெரிய மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவில் இரண்டாவது முறை படிக்கச் சொல்லலாம். அதற்காக விரலில் மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. போகும்போது எக்ஸ்ரே பிலிமையும், போனில் எடுத்த அந்தப் படங்களையும் கூடவே கொண்டுபோங்கள்.